டக்டக் சத்தமும் விரல் நுனியும்: பழைய புல்லட்டின் புஷ்ராடைச் சரிசெய்வது

புனேயில் பழைய புல்லட் வைத்திருப்பவர் நானா பேட் பக்கம் வண்டியைத் திருப்பினால், பாதி நேரம் ஒரே வேண்டுகோள்தான்: “தாதா, மேலே வர்ற அந்த டக்டக் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுங்க.” அவசரக்கார மெக்கானிக் பத்து நிமிஷத்தில் நிறுத்தியும் கொடுத்துவிடுவார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி. அடுத்த ஞாயிறு சாஸ்வட் போகிற வழியில் திவே காட் ஏறி, மேலே டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி கிக் அடித்தால் வண்டி எழாது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஒரே கிக்கில் கிளம்பும். பெட்ரோலில் தண்ணீர் என்பார்கள், காயில் போச்சு என்பார்கள். பல சமயம் காரணம் அந்த நிறுத்தப்பட்ட சத்தம்தான்.

இங்கே பேசப்போவது வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட பழைய புல்லட் எஞ்சினைப் பற்றி. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வடிவமைக்கப்பட்டு, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா மூலம் சென்னை திருவொற்றியூரில் வேரூன்றி, அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டே இருந்த எஞ்சின் அது. 350-க்கு விட்டம் 70 மி.மீ., ஓட்டம் 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. ராணுவத்தின் தென் பிராந்தியத் தலைமையகம் இருக்கிற ஊர் புனே. புல்லட் இந்தியாவில் பரவ ராணுவமும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே இந்த ஊரில் பழைய புல்லட்டுக்குப் பஞ்சமில்லை.

வேடிக்கை என்னவென்றால், புனேயிலேயே தயாராகும் பைக்குகளுக்குப் புஷ்ராடைச் சரிசெய்யும் இந்த வேலை தெரியாது. 2001-இல் வந்த பஜாஜ் பல்சரில் கேம் ஹெட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. புஷ்ராடுக்கு அங்கே வேலையே இல்லை. 2023 முதல் சாக்கனில் பஜாஜ் தயாரிக்கும் டிரையம்ப் ஸ்பீடு 400-இல் மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். அதே டிரையம்பின் 1959 பானவில் புஷ்ராட் வண்டி. அதனால் புதுப் பைக்கில் கைபழகிய இளம் மெக்கானிக் புல்லட்டைத் தொடும்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைத் தேடுவார். இந்த எஞ்சினுக்கு அது தேவைப்படாது.

எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். வலப்பக்க டைமிங் கவருக்குள் இரண்டு கேம். ஒன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுக்கு, இன்னொன்று புகை வெளியேறும் வால்வுக்கு. கேமின் மேல் டேப்பட் நிற்கிறது. அதன்மேல் புஷ்ராட். பிளாக்கின் வலப்பக்கத்தில் உள்ள சுரங்கம் போன்ற வழியில் அது மேலேறி, ஹெட்டில் உள்ள ராக்கரின் ஒரு முனையைத் தள்ளுகிறது. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. கேம் உருண்டு போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது கேம் அதில் பாதி, அதாவது 1500 சுற்று. ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

இந்தச் சங்கிலியில் கண்ணுக்குத் தெரியாத அளவு தளர்ச்சி இருக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பழைய டிரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிக்கு உள் வால்வில் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, வெளி வால்வில் நான்கு பங்கு என்று அளவு கொடுத்திருப்பார்கள். புல்லட்டுக்குக் கையேடு சொல்வது ஒரே அளவு: எஞ்சின் ஆறியிருக்கும்போது பூஜ்யம். இடைவெளியும் இல்லை, இறுக்கமும் இல்லை.

பூஜ்யம் என்றால் சூடேறியதும் இறுகிவிடாதா? நியாயமான சந்தேகம். பதில் புஷ்ராடின் உலோகத்தில் இருக்கிறது. அது அலுமினியக் கலவை. சூட்டில் அலுமினியம் நீளும் அளவு வார்ப்பிரும்பு நீளும் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பிளாக்கின் சுவர் நேரடியாக நெருப்பைத் தாங்குகிறது. ராடோ எண்ணெய் தெளிக்கும் சுரங்கத்துக்குள் ஒதுங்கி நிற்பதால் அவ்வளவு சூடாவதில்லை. கணக்குக்காக ராடின் நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிளாக்கின் சூடு 150 டிகிரி கூடினால் அதே நீளத்துக்கு இரும்பு 0.33 மி.மீ. வளரும். ராடின் சூடு அதில் பாதி, 75 டிகிரிதான் கூடினாலும், அலுமினியம் என்பதால் 0.34 மி.மீ. வளரும். இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. அதே இடத்தில் எஃகு ராட் இருந்தால் 0.18 மி.மீ.தான் நீண்டிருக்கும், மீதி முழுக்க இடைவெளியாகி, சூடான எஞ்சின் தட்டச்சு யந்திரம்போல அடித்துக்கொண்டிருக்கும். அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்ததில் எடைக் குறைவும் ஒரு லாபம்.

ஆனால் இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக முடிவதில்லை. புகை வெளியேறும் வால்வின் தண்டு பல நூறு டிகிரிச் சூட்டில் கிடந்து தானும் நீள்கிறது. நீண்டால் இடைவெளியைத் தின்னும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் வெளி வால்வின் ராடை மட்டும் ஒரு மயிரிழை அதிகம் தளர்த்தி விடுவார்கள். கையேடு இரண்டுக்கும் பூஜ்யம் என்றாலும், மலையேற்றம் மிகுந்த புனே வட்டாரத்தில் இந்த மயிரிழையை நானும் ஆதரிக்கிறேன்.

இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வால்வு தன் சீட்டில் முழுதாக உட்காராது. காகிதம் நுழையாத அளவுக்குத்தான் திறந்திருக்கும், ஆனால் திறந்திருக்கும். எரியும் வாயு அந்தக் கீற்றின் வழியே பீறிட்டு வால்வின் விளிம்பை அரிக்கும். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கைமாற்றுகிறது. உட்கார விடாவிட்டால் சூடு போக வழியில்லை. மேலும் சூடாகும், மேலும் நீளும், மேலும் திறக்கும். திவே காட் உச்சியில் கிக்கருக்கு எதிர்ப்பே இல்லாமல் கால் சர்ரென்று கீழே போவது இதனால்தான். அழுத்தம் கசிந்துவிட்டது. ஆறியபின் கிளம்புவதும் இதனால்தான்.

தளர்ந்துவிட்டால் சத்தம் வரும், வால்வு கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் குறைவாகவும் திறக்கும், கேமும் டேப்பட்டும் அடிபட்டுத் தேயும். அதுவும் கெடுதல்தான். ஆனால் தளர்ந்த ராட் தினமும் கத்திக் காட்டிக்கொடுக்கிறது. இறுகிய ராட் வால்வு கருகிப் பணம் கேட்கிற வரை வாயைத் திறப்பதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும் என்றால் சத்தத்தையே தேர்ந்தெடுங்கள்.

இனி வேலை.

எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். ‘ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தேன்’ என்பதெல்லாம் இந்த எடைக்குப் போதாது. ஜனவரிக் காலையில் புனேயில் பத்து டிகிரிக்குப் பக்கம் இறங்கும். ஏப்ரல் மதியம் நாற்பதைத் தொடும். இரண்டுமே ‘ஆறிய எஞ்சின்’ என்றாலும், முடிந்தால் காலை வேளையை வைத்துக்கொள்ளுங்கள். நிதானமும் அப்போதுதான் இருக்கும்.

வண்டியை செண்டர் ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளாக்கின் வலப்பக்க அடியில், ஒரே ஒரு நட் பிடித்திருக்கும் சின்ன மூடி தெரியும். அதைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள சேறு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் மணல் நேராக டைமிங் பக்கம் இறங்கும். மூடியை எடுத்ததும் கொஞ்சம் எண்ணெய் வழியும், பழந்துணி ஒன்று கீழே இருக்கட்டும். உள்ளே இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்தது பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது. பத்தில் எட்டுத் தவறு இங்கேதான் நடக்கிறது. வேண்டியது பிஸ்டன் உச்சியில் இருப்பது மட்டுமில்லை. அழுத்தும் சுற்றின் உச்சியில் இருப்பது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்றில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். மற்றதில், புகை வெளியேறி முடிந்து புதுக் கலவை நுழையும் அந்தக் கணத்தில், இரண்டும் சற்றே திறந்திருக்கும். இந்த இரண்டாவது உச்சியில் ராடைத் தொட்டால் இரண்டும் இறுகி நிற்கும். ‘அடடா, இவ்வளவு டைட்டா’ என்று தளர்த்திவிட்டால் முடிந்தது கதை.

நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். டாப் கியரில்தான் எஞ்சின் லேசாகவும் கட்டுப்பாடாகவும் சுழலும். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டால், காற்று விரலைத் தள்ளும் நேரம் அழுத்தும் சுற்று. அப்போது மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றைத் துளையில் விட்டு, அது மேலேறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். துளை சாய்வாக இருப்பதால் சைக்கிள் கம்பியை விடுவது ஆபத்து. சிக்கி வளைந்தால் எடுக்க முடியாது.

பாயிண்ட் உள்ள வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. ஹெட்லைட் மூடியின் மேலுள்ள அம்மீட்டரைப் பார்த்து, முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரை இழுத்துக் கிக்கரை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கிளப்புவது புல்லட்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். முள் நடுவுக்கு வருவது பாயிண்ட் திறந்ததற்கு அடையாளம். பாயிண்டின் கேம் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால் அது அழுத்தும் சுற்றில் மட்டுமே நடக்கும். ஆகவே இக்னிஷனைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, முள் நடுவுக்கு வந்தபின் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் நமக்கு வேண்டிய உச்சி. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள பிற்கால வண்டிகளில் இந்த வழி உதவாது. இடம் தெரிந்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள்.

இப்போது ராடை விரலால் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் அசைவு தெரியக் கூடாது. இதுதான் அந்தப் பூஜ்யம். சுழலாவிட்டால் இறுக்கம், டிக் டிக்கென்று மேலும் கீழும் ஆடினால் தளர்ச்சி.

சரியாக இருந்தால் மூடிவிட்டுப் போய் டீ குடியுங்கள். சர்வீஸ் என்றாலே எதையாவது திருப்பத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

திருப்ப வேண்டியிருந்தால், அடியில் மூன்று ஆறுபட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். பிடித்துக்கொள்ள ஒன்று, திருப்ப ஒன்று, அவற்றுக்கு நடுவே லாக் நட். மூன்றும் நெருக்கமாக இருப்பதால் சாதாரண ஸ்பேனர் உள்ளே போகாது. இதற்கென்று மெல்லிய டேப்பட் ஸ்பேனர்கள் கிடைக்கின்றன. பட்டறைகளில் பழைய ஸ்பேனரைக் கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கி வைத்திருப்பார்கள். லாக் நட்டை இளக்கி, ராடின் நீளம் கூடும்படி திருப்பினால் இறுகும், குறையும்படி திருப்பினால் தளரும். மரையின் இடைவெளி 1 மி.மீ. அளவு என்று கொண்டால், ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று, 0.17 மி.மீ. மாற்றிவிடும். நமக்கு வேண்டியது அதைவிட நுண்ணியது. ஆகவே கால் பட்டை, அரைப் பட்டை என்றுதான் நகர வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது இதற்கு அடுத்த படி. லாக் நட்டை இறுக்கும்போது மரையில் உள்ள தளர்வு ஒருபக்கமாக ஒதுங்குவதால் அளவு லேசாக மாறிவிடும். இறுக்குவதற்கு முன் கச்சிதமாக இருந்த ராட், இறுக்கியபின் சுழலாது. மறுபடி இளக்கு, மறுபடி திருப்பு, மறுபடி இறுக்கு. மாறப்போகும் அளவை முன்கூட்டியே விட்டுவைக்கக் கை கற்றுக்கொள்ளும் வரை இந்த விளையாட்டு தொடரும். இறுக்கியபின் உள்ள அளவு மட்டுமே கணக்கு.

அளவு சரியானதும் ராடை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் லேசாகவும் இன்னொரு பக்கம் பிடிப்பாகவும் இருந்தால் ராட் வளைந்திருக்கலாம், அல்லது அதன் முனையிலுள்ள கிண்ணம் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட ராடுக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது. எஞ்சின் ஓடும்போது ராட் தானே மெல்லச் சுழலும். பிடிப்பான இடத்துக்கு வந்ததும் வால்வு தொங்கும். பிடிப்பான இடத்திலும் சுழலும்படி வைத்து, வரும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, புது ராட் வாங்கும் வரை ஓட்டலாம்.

பின்சக்கரத்தை இன்னும் இரண்டு மூன்று முறை முழுதாகச் சுற்றி, மறுபடி அதே உச்சிக்கு வந்து மீண்டும் விரலால் சோதியுங்கள். பிறகு மூடி. பேக்கிங் பழசாகக் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் கசிகிறதே என்று அந்த ஒற்றை நட்டைப் பல்லைக் கடித்து இறுக்குபவர்கள் உண்டு. மூடி மெலிசு, நடுவில் இறுக்க இறுக்க ஓரம் வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும்.

அளவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இரண்டு எதிரெதிர் தேய்மானங்கள். கேம், டேப்பட் பாதம், ராக்கர் முனை தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். வால்வும் சீட்டும் தேய்ந்தால் வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு மேலே எழும்பி இடைவெளியைக் குறைக்கும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டுக்கு ஒரு காப்பாகப் படிந்திருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. காற்றுக்கு நல்லதுதான், ஆனால் மென்மையான பழைய சீட்டுகளோடு ஓடும் ஹெட்டில் வெளி வால்வு மெல்ல இறங்க வாய்ப்பு அதிகம். ‘போன வருஷம் இருந்த சத்தம் இந்த வருஷம் தானாகவே குறைந்துவிட்டது’ என்று யாராவது பெருமைப்பட்டால் அன்றே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றிப் பூட்டிய பின்னும் அப்படித்தான்: புது கேஸ்கெட் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கும், ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்குவார்கள், ஹெட் ஒரு மயிரிழை கீழிறங்கும், ராடுகள் இறுகும்.

அடிக்கடி இறுகிக்கொண்டே வரும் ராட் சீட்டைப் பார்க்கச் சொல்கிறது. அடிக்கடி தளர்ந்துகொண்டே வந்தால் டேப்பட் பாதத்தைக் கழற்றிப் பாருங்கள். பளபளப்பு போய்ப் பள்ளம் விழுந்திருந்தால் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதில் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது எதுவும் 2008-09 வாக்கில் வரத் தொடங்கிய யூ.சி.இ. எஞ்சினுக்குப் பொருந்தாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக இருப்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அதிலும் புஷ்ராட் உண்டு, ஆனால் டேப்பட் ஹைட்ராலிக். எண்ணெய் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஹார்லி டேவிட்சன் 1948-இலேயே தன் புஷ்ராட் எஞ்சினில் ஹைட்ராலிக் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. புல்லட் அதற்கு அறுபது வருஷம் எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் வந்த புது புல்லட் 350-இல் கேம் மேலே போய்விட்டது, புஷ்ராடே இல்லை.

புது ராட் வாங்குவதென்றால் நானா பேட் உதிரிபாகக் கடைகளிலேயே பாருங்கள். புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜாரில் கிடைக்கும் பழைய ராடை மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், முதலில் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து மறைந்தால் ராட் வளைந்தது. முனைக் கிண்ணங்கள் தண்டோடு இறுக்கமாக இருக்கின்றனவா என்று திருகிப் பார்க்க வேண்டும். அலுமினியத் தண்டில் அழுத்திப் பொருத்திய எஃகு முனை தளர்ந்திருந்தால், எவ்வளவு நேர்த்தியாக அளவு வைத்தாலும் நாலு கிலோமீட்டரில் மாறிவிடும். உள் வால்வின் ராடும் வெளி வால்வின் ராடும் நீளத்தில் வேறுபடலாம் என்பதால், கழற்றிய இரண்டையும் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது நல்லது.